இரும்பு குறைந்தால் மனமும் சோருமா?

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில், பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் குடியேறினார்கள். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராததால் போர்முனைக்குப் பதிலாக மாற்றுப் பணிக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். ஐரோப்பாவில் பட்டினியால் வாடிக்கொண்டிருந்த மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டறிய, தாங்களே பட்டினி கிடக்க முன்வந்திருந்தார்கள். ஆய்வை நடத்தியவர் அன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர்.

ஆறு மாதம் அரைவயிறு. நாளைக்கு இரண்டு வேளைதான். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று எல்லாம் சேர்த்து சுமார் 1,570 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் நாலில் ஒரு பங்கு கரைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதவை வேறு. சமையலறைப் பக்கமே போயிராதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்து, கதை படிப்பதுபோல் ராத்திரி பகலாகப் படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மணிக்கணக்கில் இழுத்தார்கள். சின்ன விஷயத்துக்குச் சண்டை வந்தது. சிரிப்பு நின்றுபோனது. நண்பர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சிலர் மனச்சோர்வில் மூழ்கினார்கள். ஒருவர் கோடரியால் தன் கைவிரல்களையே வெட்டிக்கொண்டார். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் மனம் தேற மாதங்கள் பிடித்தன.

உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் இவர்கள். மாறியது முக்கியமாகச் சாப்பாடுதான். சாப்பாட்டுக்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவருக்கு இதைவிடப் பச்சையான பதில் கிடையாது. இப்படியொரு சோதனைக்கு இன்றைய ஆய்வு நெறிமுறைக் குழு எதுவும் கையெழுத்துப் போடாது.

ஆனால் அது பட்டினி. அவர்களும் 22 வயது கடந்த ஆண்கள். நம் வீட்டுப் பிள்ளையின் கதை வேறு. காலையில் ஒரு டம்ளர் டீயோடு பஸ் ஏறி, மதியம் டிபன் பாக்ஸில் பாதியை மிச்சம் வைத்து, மாலையில் டியூஷன் வாசலில் பஃப்ஸும் குளிர்பானமும் வாங்கும் 14 வயதுப் பிள்ளைக்குக் கலோரியில் குறைவில்லை. அந்தச் சாப்பாடு இருபது வயதிலோ முப்பது வயதிலோ அதன் மனநிலையைத் தொடுமா என்பதுதான் கேள்வி. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்த பதில்களில் சில பிரபலமாகிவிட்டன. உறுதியான பதிலுக்குத்தான் அந்த அளவு பேர் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பதின்வயதை ஏன் தனியாக எடுத்துப் பேச வேண்டும்? மனநோய்கள் பெரும்பாலும் நடுவயதுச் சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய 48 சதவீதம் 18 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகின்றன. மிக அதிகமாகத் தொடங்கும் வயது பதினான்கரை. இந்தியாவில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது.

அதே வயதில்தான் மூளையிலும் பெரிய வேலை நடக்கிறது. குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மேல் முளைத்த நரம்பிணைப்புகளை, தோட்டக்காரர் ரோஜாச்செடியைக் கவாத்து செய்வதுபோல், மூளை தானே வெட்டிக் குறைக்கிறது. மிஞ்சும் பாதைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை ஏறுகிறது. செய்தி வேகமாகப் பாய்வது அந்த உறையால்தான். இந்த வேலை கடைசியாக முடிவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியில். ஆசையை அடக்குவது, நாளையைப் பற்றி யோசிப்பது, கோபத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. இருபது வயதைத் தாண்டியும் அங்கே வேலை ஓய்வதில்லை. மயலினுக்குக் கொழுப்பு வேண்டும், அதைக் கட்டும் செல்களுக்கு இரும்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் ஆற்றல் வேண்டும். இத்தனையும் தட்டில் விழுவதிலிருந்துதான் வர வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் ஃபெலிஸ் ஜாக்கா இந்தத் துறையில் அதிகம் அடிபடும் பெயர். அவரது குழு 11 முதல் 18 வயது வரையிலான சுமார் 3,000 மாணவர்களிடம் 2005–06-இல் ஒருமுறை, இரண்டு ஆண்டு கழித்து மறுமுறை, என்ன சாப்பிடுகிறார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டது. முடிவு 2011-இல் வெளியானது. தொடக்கத்தில் நல்ல உணவு சாப்பிட்டவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்தும் மனநலம் மேலாக இருந்தது. இடையில் உணவு மோசமானவர்களுக்கு மனநலமும் இறங்கியது. உணவு தேறியவர்களுக்கு மனமும் தேறியது.

இதைக் கேட்டதும் எழ வேண்டிய சந்தேகம் ஒன்று உண்டு. மனம் சரியில்லாத பிள்ளைதானே சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு சிப்ஸ் பாக்கெட்டோடு அறையில் முடங்கும்? எது காரணம், எது விளைவு? ஜாக்கா குழுவினர் இதையும் சோதித்தார்கள். தொடக்கத்தில் மனநலம் குன்றியிருந்தவர்களின் உணவு, இரண்டு ஆண்டில் மற்றவர்களைவிடக் கெட்டுப்போனதா என்று பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. அம்பு உணவிலிருந்து மனதை நோக்கியே பாய்ந்தது. குடும்ப வசதி, உடற்பயிற்சி, எடை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் தொடர்பு மறையவில்லை. ஆனாலும் ஒரு வீட்டில் தினமும் காய்கறி சமைக்கிறார்கள் என்றால் அங்கே சமைக்க நேரம் உள்ள, பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் ஒருவர் இருக்கிறார் என்றும் அர்த்தம். அதைக் கேள்வித்தாள் முழுதாகக் கழித்துவிடாது.

அதனால்தான் சோதனைகள் தேவைப்பட்டன. 2017-இல் அதே ஜாக்கா, மனச்சோர்வுள்ள 67 பெரியவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு 12 வாரம் உணவு ஆலோசகரின் உதவி. காய்கறி, பருப்பு, மீன், முழுதானியம், ஆலிவ் எண்ணெய் ஏறின. இனிப்பும் பொரித்ததும் இறங்கின. மறுபாதிக்குப் பேச்சுத்துணை. முடிவில் முதல் பாதியில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அகன்றிருந்தது, மறுபாதியில் 8 சதவீதம் பேருக்கு. பிரமாதமான எண்கள். ஆனால் தனக்கு எது கிடைக்கிறது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். மாத்திரைச் சோதனையில் போலி மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம், சாம்பாரில் அது முடியாது. பலன் வரும் என்ற நம்பிக்கையே பாதி பலனைக் கொடுத்துவிடும். 2022-இல் சிட்னியில் 18 முதல் 25 வயது ஆண்களிடம் நடந்த இன்னொரு சோதனையிலும் இதேபோல் நல்ல பலன் தெரிந்தது. அதற்கும் இதே குறை உண்டு.

சின்ன ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வியன்னா நகரத்துக் கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய கதை. பால் அம்மிங்கர் என்ற மனநல மருத்துவர், மனப்பிறழ்வு வரும் அறிகுறிகளோடு இருந்த 13 முதல் 25 வயதுக்குட்பட்ட 81 பேரைத் தேர்ந்தெடுத்தார். பாதிப் பேருக்கு 12 வாரம் மீன் எண்ணெயின் ஒமேகா-3 மாத்திரை, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், மாத்திரை சாப்பிட்ட 41 பேரில் இருவருக்குத்தான் நோய் வந்திருந்தது. மற்ற 40 பேரில் 11 பேருக்கு வந்துவிட்டது. 2010-இல் இது வெளியானபோது மனநல உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்று மாத மீன் எண்ணெயால் ஒரு இளைஞனின் வாழ்க்கையே திரும்பும் என்றால் யார்தான் நிமிர மாட்டார்கள்? ஏழு ஆண்டு கழித்தும் வித்தியாசம் நிலைத்திருப்பதாக மறுபடி ஒரு கட்டுரை வந்தது.

பிறகு அதே சோதனை பல நாடுகளில், 304 பேரிடம், ஆறு மாதம் நடத்தப்பட்டது. 2017-இல் முடிவு வந்தது. மாத்திரைக்கும் போலிக்கும் வித்தியாசமே இல்லை. இரு தரப்புக்கும் கூடவே நல்ல மனநல ஆலோசனை கிடைத்ததால் மாத்திரைக்குச் செய்ய வேலை மிஞ்சவில்லை என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். மருந்துக்கடையில் மீன் எண்ணெய் டப்பாவைக் காட்டிப் பேசும்போது இந்த இரண்டாம் பாகத்தை யாரும் சொல்வதில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டப்பா அப்படியேதான் இருக்கிறது.

குடல் நுண்ணுயிர்களின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான், இன்னும் பாதி வழியில் நிற்கிறது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் கனோஸ்கியின் குழு, வளரும் பருவ எலிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது. அவற்றின் குடல் நுண்ணுயிர்கள் மாறின, நினைவாற்றலும் குன்றியது. வளர்ந்த எலிகளுக்கு அதையே கொடுத்தால் நினைவாற்றல் குன்றவில்லை. பதின்வயது மூளை தனி என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் சாட்சி சொல்வது எலி.

இத்தனைக்கும் நடுவே, நவீனமும் இல்லாத, விளம்பரமும் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. இரும்பு.

மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் டோபமின், செரட்டோனின் இரண்டையும் மூளை அமினோ அமிலங்களிலிருந்து தயாரிக்கிறது. ஒவ்வொன்றின் தயாரிப்பிலும் முதல் படியைச் செய்யும் நொதிக்கு இரும்பு இல்லாமல் வேலை ஓடாது. முன்பே சொன்ன மயலின் கட்டும் செல்களில் இரும்பு மிகுதி. 8 முதல் 26 வயது வரையிலான 900-க்கும் மேற்பட்டோரை எம்ஆர்ஐ எடுத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. பதின்வயது முழுவதும் மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகளில் இரும்பு ஏறிக்கொண்டே போவதையும், அது குறைவாக ஏறியவர்களின் சிந்தனைத் திறன் சற்றுப் பின்தங்கியதையும் அது காட்டியது. பிள்ளைகள் உயரமாகும் அதே ஆண்டுகளில், பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தொடங்கும் அதே ஆண்டுகளில், மூளையும் தன் பங்கு இரும்பைக் கேட்கிறது.

தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதலில் வெட்டு? உடலின் முதல் அக்கறை ரத்தச் சிவப்பணுவுக்கே. கல்லீரலில் இருக்கும் இருப்பு முதலில் கரையும், பிறகு மற்ற திசுக்கள் வறளும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும். ஆகவே ரத்தசோகை என்று சீட்டில் எழுதப்படும் நாளுக்கு நெடுநாள் முன்பே மற்ற இடங்களில் தட்டுப்பாடு தொடங்கியிருக்கும்.

இதை அழகாக நிரூபித்தது 1996-இல் லான்செட் இதழில் வந்த பால்டிமோர் ஆய்வு. நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 700-க்கும் மேற்பட்ட மாணவிகளின் ரத்தத்தைச் சோதித்து, ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு மட்டும் காலியாக இருந்தவர்களைப் பிரித்தெடுத்தார்கள். சேர்ந்த 81 பேரில் பாதிக்கு எட்டு வாரம் இரும்பு மாத்திரை, பாதிக்குப் போலி. இங்கே யாருக்கு எது என்று தெரியாது. முடிவில் இரும்பு சாப்பிட்டவர்கள் சொற்பட்டியலைக் கேட்டு நினைவில் வைக்கும் தேர்வில் மற்றவர்களை முந்தினார்கள். எந்த மருத்துவரும் அதுவரை 'ரத்தம் நார்மல்' என்றே சொல்லியிருக்கக்கூடிய பெண்கள் இவர்கள்.

நம் ஊருக்கு நெருக்கமான சோதனையும் உண்டு. மகாராஷ்டிரக் கிராமப்புறத்தில் 12 முதல் 16 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தினமும் கம்பு ரொட்டி கொடுத்தார்கள். சிலருக்குச் சாதாரணக் கம்பு, சிலருக்கு இரும்புச்சத்து கூடுதலாக இருக்கும்படி வளர்த்தெடுத்த 'தனசக்தி' ரகக் கம்பு. பார்த்தால் இரண்டும் கம்புதான், ருசியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தனசக்தி சாப்பிட்டவர்களின் கவனமும் நினைவாற்றலும் கூடுதலாக மேம்பட்டதாக 2018-இல் முடிவு வெளியானது. மாத்திரையே இல்லாமல், வழக்கமான சாப்பாட்டின் விதையை மட்டும் மாற்றிக் கிடைத்த பலன் அது.

கவனமும் நினைவாற்றலும் வேறு, மனச்சோர்வும் பதற்றமும் வேறு. உண்மைதான். இரும்பு கொடுத்தால் பதின்வயதுப் பிள்ளையின் பின்னாள் மனச்சோர்வு தடுக்கப்படும் என்று பெரிய சோதனை எதுவும் காட்டியதில்லை. தைவானின் தேசியக் காப்பீட்டுப் பதிவேடுகளைப் புரட்டி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, இரும்புக் குறை ரத்தசோகை இருந்த 2,957 சிறுவர் சிறுமியரில் மனச்சோர்வும் பதற்றமும் கவனக்குறைவுக் கோளாறும் மற்றவர்களைவிட அதிகம் என்றது. அது தொடர்பு மட்டும்தான், காரணம் அல்ல. ஆனாலும் நொதியின் வேதியியல் தெளிவு, போலி மாத்திரையோடு நடந்த சோதனை தெளிவு, பதிவேடும் அதே திசையில் கை காட்டுகிறது. மீன் எண்ணெய்க்கு இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்ததில்லை.

இப்போது நம் கணக்கைப் பார்க்கலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம் அளவில். இது ஹீமோகுளோபினை மட்டும் பார்த்த கணக்கு. பால்டிமோர் மாணவிகளைப்போல் இருப்பு மட்டும் காலியானவர்கள் இதில் வர மாட்டார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீல மாத்திரை வருகிறது. ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும். குடற்புழு நீக்கத்துக்கு அல்பென்டசோல் தனியாக. ஆனால் அந்த நீல மாத்திரையின் வாழ்க்கையை வகுப்பறையில் பார்க்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை அது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு பிசையும், மறுநாள் மலம் கறுத்துப் போகும். யாரும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளை பயந்துவிடும். ஒருத்தி வாந்தி எடுத்தால் போதும், அடுத்த வாரம் பாதி வகுப்பு மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, ஜன்னலுக்கு வெளியே துப்பும். குமட்டல் எல்லாருக்கும் வருவதில்லை. காலையில் சாப்பிடாமல் வந்தவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. இரும்பு மிகவும் தேவைப்படுவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

சாப்பாட்டுத் திட்டங்கள் வயதோடு சுருங்கும் விதத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, முட்டையோடு, பத்தாம் வகுப்பு வரை வருகிறது. நாட்டின் பிற பகுதிகளில் பெரும்பாலும் எட்டோடு முடிந்துவிடும், அந்த வகையில் நாம் பரவாயில்லை. பிளஸ் ஒன்னில் சேர்ந்ததும் அதுவும் இல்லை. காலை ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு தொடங்குவது அந்த வயதில்தான். மாதவிலக்கில் இரும்பு போய்க்கொண்டிருப்பதும், மூளை கேட்பதும் அதே வயதில்தான். சின்னக் குழந்தையின் பசி எல்லாருக்கும் கண்ணில் படுகிறது. பதினாறு வயதுப் பெண்ணின் பசி 'டயட்' என்றும் 'அடம்' என்றும் பெயர் வாங்கிக்கொள்கிறது.

வீட்டிலும் செய்ய நிறைய இருக்கிறது, செலவும் அதிகமில்லை. முருங்கைக்கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் இரும்பு இருந்தாலும், உடல் அதில் சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் அந்தப் பங்கு கூடும். சாப்பாட்டோடு டீயோ காபியோ குடித்தால் பாதிக்கும் மேல் குறைந்துவிடக்கூடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இந்த இழப்பு பெருமளவு தவிர்க்கப்படும். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு இதைவிட எளிதாகச் சேரும். ரத்தம் குறைந்தவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுத்த நம் பாட்டிமார்களுக்கு ஹீம் இரும்பு என்ற பெயர் தெரியாது. கைப்பக்குவம் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் இறைச்சி எடுத்தால் முதல் துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்பதையும் ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சாப்பாட்டால் மனம் தேறும் என்று படித்துவிட்டு, மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையிடம் கீரையை நீட்டி உபதேசம் செய்தால் நிலைமை மோசமாகும். இந்த வயதில் சாப்பாட்டை நல்லது கெட்டது என்று தரம் பிரித்துத் தட்டிலேயே தீர்ப்புச் சொன்னால், சில பிள்ளைகள் சாப்பிடுவதையே நிறுத்திக்கொள்வார்கள். எடை குறைக்கிறேன் என்று அரைவயிற்றோடு இருக்கும் பெண், மினசோட்டாவின் 36 பேர் போன பாதையில்தான் போகிறாள், அவளைக் கண்காணிக்க எந்த ஆய்வுக்குழுவும் இல்லை. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாக வேண்டும் என்று பேசும் பிள்ளைக்கு மனநல மருத்துவர்தான் முதலில் தேவை. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம்.

ஆனால் அந்த மருத்துவரிடம் போகும்போதும் ஒரு ரத்தப் பரிசோதனை உடன் செல்வது நல்லது. சோர்வு, எரிச்சல், கவனம் சிதறுவது, எதைத் தொட்டாலும் அலுப்பு ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். இரும்புக் குறையின் அடையாளங்களும் அவையே. தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் இதே முகம்தான். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்கிறது என்ற ஒரு வரியோடு திருப்தி அடையாமல், ஃபெரிட்டின் அளவையும் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். இரும்பு இருப்பைக் காட்டுவது அதுதான். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது அந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், உடல் தேறிய பிறகு எடுப்பதே சரி. குறைவு என்று தெரிந்தால் மாத்திரையை ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்தக் கூடாது. இருப்பு நிரம்ப அதன் பிறகும் மூன்று மாதம் ஆகும்.